ஓசியில் ஒரு தீவு

அத்தியாயம் 1

பரிசு விழுந்ததற்காகப் புகார் கொடுக்க வந்த ஆளை வேம்புலி அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தான்.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, சைக்கிள் கடைக்கு மேல் மாடியில், ஒரே அறையில் இயங்கிக்கொண்டிருந்தது ‘குமாரி துப்பறியும் நிலையம்’. குமாரி என்பது ஞானகுமாரி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க்கால் ஆபரேட்டராகப் பல வருடம் உட்கார்ந்து, ஊரார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பொய்களைக் காதில் வாங்கி அலுத்துப்போய், கடைசியில் அதையே தொழிலாக்கிக்கொண்டவள். வேம்புலி அவளுடைய உதவியாளன். நிலையத்தின் ஒரே வாகனமான லாம்ப்ரெட்டா அவனுடையது. அவன் வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது.

எண்பத்தொன்பதாம் வருடம், பிப்ரவரி கடைசி. வந்த மனிதருக்கு அறுபது வயது இருக்கும். நல்ல உயரம், முறுக்கிவிட்ட மீசை. மடியில் வெல்வெட் துணி சுற்றிய ஒரு பெட்டியைக் கைக்குழந்தை போல வைத்திருந்தார்.

“எம் பேரு கோதண்டம். ஆவடி கேம்ப் பேண்டுல டிரம்பெட் வாசிச்சுகினு இருந்தேன். இப்ப ரிட்டயர்டு. எனக்கு ஒரு பிரைஸ் விழுந்துகீதும்மா.”

“நல்ல விஷயம்தானே,” என்றாள் ஞானகுமாரி.

“அதைத் தடுக்கணும்.”

“அது ரொம்ப ஈசி நைனா,” என்றான் வேம்புலி. “என் பேருக்கு மாத்திடு.”

கோதண்டம் சிரிக்கவில்லை. ஆவடிப் பொருட்காட்சியில் அவருடைய மனைவி பொன்னியம்மா ஒரு கூப்பனைப் பெட்டியில் போட்டாளாம். போன வாரம் டை கட்டிய ஒருவன் வீடு தேடி வந்தானாம். பெயர் டேவிட். நீலத்திரை டூர்ஸ் என்ற கம்பெனியாம். போர்ட் பிளேருக்குக் கப்பலில் போக, வர, தங்க, சாப்பிட, இரண்டு பேருக்கு எல்லாமே இலவசமாம்.

“போர்ட் பிளேரா? அந்தமான்ல கீதே, அதானே?” வேம்புலி யோசித்தான். “வெள்ளைக்காரன் காலத்துலயும் ஓசிலதான் கூட்டிகினு போனாங்க. திரும்பி வர்றதுதான் லேட்டாச்சு.”

“நீ சும்மா இரு. மேல சொல்லுங்க.”

“மூணு கண்டிசன் போட்டுகீறான். ஞாயித்துக்கிழமை கப்பல்லயே கெளம்பணும், தள்ளிப்போட முடியாது. மார்ச் இருபத்திரெண்டுக்கு முன்னாடி திரும்பி வரக் கூடாது.”

“மூணாவது?”

கோதண்டம் குரலைத் தாழ்த்தினார். “ஊதற சாமான் எதையும் கப்பல்ல ஏத்தக் கூடாதாம். கப்பல் சங்கு சத்தமும் இதும் கலந்துகினா கேப்டனுக்குக் குழப்பமாம்.”

வேம்புலிக்குக் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறியது.

கோதண்டம் வெல்வெட் துணியைப் பிரித்தார். பளபளவென்று ஒரு டிரம்பெட். “பேண்டுல கீற பசங்க சேர்ந்து, நான் ரிட்டயர் ஆன அன்னிக்குக் குடுத்தது. வெள்ளி முலாம். இதுக்குத்தான் குறி. நாங்க ஊட்டைப் பூட்டிகினு கப்பல் ஏறினதும் பூட்டை ஒடைக்கப் போறான். போலீஸாண்ட போனேன். ஏட்டு சிரிச்சுட்டு, அவரையும் கூட்டிகினு போவச் சொல்றாரு.”

“சந்தேகம்னா வேண்டாம்னு சொல்லிடலாமே,” என்றாள் ஞானகுமாரி.

அவர் டிரம்பெட்டின் மேல் விழுந்திருந்த விரல் அடையாளத்தைத் துணியால் துடைத்தார்.

“என் சம்சாரத்தை நீங்க பார்க்கல. பொட்டி கட்டி வெச்சிட்டுது. தூங்கும்போது கூட சிரிக்குது. அதாண்ட போயி, இது திருட்டுப் பய வேலைன்னு எப்படிச் சொல்றது? மெய்யா இருந்தா போறேன். பொய்யா இருந்தா, அதுக்குத் தெரியாம நீங்களே முடிச்சுடுங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்கு அவன் டிக்கெட்டோட வரான்.”

ஞானகுமாரி வேம்புலியைப் பார்த்தாள். அவன் ஸ்கூட்டர் சாவியைத் தேட ஆரம்பித்தான்.

டேங்க் பேக்டரியில் ஷிஃப்ட் விட்ட நேரம். ஆவடிச் சாலை முழுக்க சைக்கிள்கள். அந்த வெள்ளத்துக்குள் லாம்ப்ரெட்டாவை நீந்தவிட்டபடியே வேம்புலி கேட்டான். “திருடன்தான் மேடம். வேற இன்னா?”

“திருடனுக்கு நீ எப்ப வீட்டை விட்டுப் போறேங்கறதுதான் முக்கியம். ஒரே ராத்திரி போதும் அவனுக்கு. இவன் எப்ப திரும்பி வரக் கூடாதுங்கறதுல கண்ணா இருக்கான்.”

“மெதுவா திருடறவனா இருப்பான்.”

நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்தது கோதண்டத்தின் வீடு. பழைய நண்பரின் தங்கையும் தம்பியும் என்று அவர் மனைவியிடம் அறிமுகப்படுத்தினார். தம்பி என்றால் சம்பளம் உண்டா என்று வேம்புலி ஞானகுமாரியின் காதில் கேட்டான்.

பொன்னியம்மா குள்ளமான, சுறுசுறுப்பான பெண்மணி. நடக்கும்போதே பாதி ஓடினாள். கட்டில் மேல் இரண்டு ஜோடி புது ரப்பர் செருப்பு, ஒரு குடை, ஒரு ஜாடி புளிக்காய்ச்சல், வாந்திக்கு நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் வரிசையாக இருந்தன.

“கால் கழுவிகினு வா தம்பி, காபி தரேன்,” என்றாள்.

வீட்டுக்குப் பக்கவாட்டில் அடிபம்பு. வேம்புலி அடித்தான். காற்றுதான் வந்தது. இன்னும் வேகமாக அடித்தான். பம்பு இழுத்து இழுத்து மூச்சு வாங்கியது. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. “இது பம்பா, ஆஸ்துமா பேசண்டா?” என்று கத்தினான்.

பொன்னியம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். “வாசர் போயிட்டுது தம்பி. மேல ஒரு சொம்பு தண்ணி ஊத்திட்டு அடிக்கணும். புதுசா வர்றவங்க எல்லாருக்கும் இதே கதிதான்.”

டேவிட் சொன்ன நேரத்துக்கு வந்தான். ஒல்லியான உடம்பு, கண்ணாடி, கழுத்தை நெரிக்கும் டை. தெருப் புழுதி படிந்த காலோடு உள்ளே வரக் கூச்சப்பட்டு நேராக அடிபம்புக்குப் போனான். பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்து, தொட்டியில் மொண்டு, பம்பின் தலையில் ஊற்றினான். ஒரே அடி. தண்ணீர் கொட்டியது.

ஞானகுமாரி ஜன்னலை விட்டு விலகி வந்து காபியை எடுத்துக்கொண்டாள்.

டேவிட் டிக்கெட்டுகளைக் கோதண்டத்தின் கையில் கொடுத்தான். அவர் அவற்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பி, முகர்ந்துகூடப் பார்த்தார். டேவிட் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே மனப்பாடம் செய்தவன் மாதிரி பேசினான்.

“போர்ட் பிளேர் சொர்க்கம் சார். சாயங்காலம் ஆறரை மணிக்குக் கடற்கரையில போய் உக்காந்தீங்கன்னா, சூரியன் அப்படியே கடல்ல எறங்கறதைப் பார்க்கலாம்.”

“அஞ்சு மணிக்கே போயிடணுங்க,” என்றாள் பொன்னியம்மா. “அங்க அஞ்சரைக்கெல்லாம் இருட்டிடும்.”

“ஆமா, ஆமா. அம்மா சொல்றதுதான் சரி.” அவன் எழுந்துகொண்டான். “மார்ச் இருபத்திரெண்டு சார். அதுக்கு முன்னாடி வந்துடாதீங்க. அப்புறம் அந்த வாத்தியம்…”

“கேப்டனுக்குக் குழப்பம். தெரியும்,” என்றார் கோதண்டம், பெட்டியை அணைத்தபடி.

டேவிட் ஸ்டேஷனை நோக்கி நடந்தான். பின்னாலேயே ஞானகுமாரியும் வேம்புலியும் நடந்தார்கள். அவன் திருநின்றவூர் போகும் மின்சார ரயிலில் ஏறினான். இவர்கள் அடுத்த பெட்டியில் ஏறினார்கள்.

“மேடம், ஒண்ணு கவனிச்சீங்களா? பேரு டேவிட். ஆனா வெரல்ல விபூதி கீது.”

“விபூதி இல்லை, சாக்பீஸ். நானும் பார்த்தேன்.”

“டூர் கம்பெனில சாக்பீஸ் எதுக்கு?”

“அதைவிடு. நான் எக்ஸ்சேஞ்சில இருந்தப்ப போர்ட் பிளேர்ல ஒரு ஆபரேட்டர் பொண்ணு லைன்ல வருவா. நம்ம கடிகாரத்துல அஞ்சேகாலுக்கெல்லாம் ‘இங்க லைட் போட்டாச்சு அக்கா’ம்பா. அந்த ஊர் நமக்கு ரொம்பக் கிழக்க இருக்கு. கடிகாரம் மட்டும்தான் நம்ம கடிகாரம். சூரியன் சீக்கிரமே போயிடும்.”

வேம்புலி மெல்ல யோசித்தான். “அப்ப, ஆறரைக்கு சூரியனை எறக்கின இந்த ஆளு…”

“போர்ட் பிளேரைப் படத்துல கூடப் பார்த்ததில்லை.”

“போட்டுடலாமா மேடம்? நாலு தட்டு தட்டினா உண்மை வந்துடும்.”

“அவன் எங்க போறான்னு முதல்ல பாரு.”

அடுத்த ஸ்டேஷனே திருநின்றவூர். டேவிட் இறங்கினான். டையைக் கழற்றிச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டான். வெளியே வந்து ஒரு கரும்புச்சாறு குடித்தான். பிறகு எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போய், மெட்ராஸ் போகும் ரயிலுக்காக நின்றான்.

“ஜூஸ் குடிக்கவா டை கட்டிகினு இவ்ளோ தூரம் வந்தான்?” வேம்புலிக்குப் பொறுக்கவில்லை.

“கோதண்டம் மொட்டை மாடியில நின்னா நெமிலிச்சேரி பிளாட்பாரம் நல்லாத் தெரியும். வெளியூர் ஆள் ரயில் ஏறிப் போறதை அவர் பார்க்கணும். அதுக்குத்தான்.”

டேவிட் மறுபடி நெமிலிச்சேரியிலேயே இறங்கினான். இந்தத் தடவை பெரிய தெருப் பக்கம் போகவில்லை. முள்வேலியை ஒட்டிய சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு, கோதண்டத்தின் தெருவுக்குப் பின்பக்கம் போய், அங்கிருந்த சர்ச் ஹாலின் பின்கதவைத் தட்டினான். கதவு திறந்தது. உள்ளே பல பேர் குசுகுசுக்கும் சத்தம். கதவு மூடிக்கொண்டது.

வேம்புலி சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தான். ஒருத்தன் என்றால் சமாளிக்கலாம். “கும்பல் மேடம். கோதண்டம் ஊட்டுக்குப் பின்னாலயே குடியிருக்காங்க.” ஓரத்தில் கிடந்த உடைந்த பெஞ்சுக் காலை எடுத்துக்கொண்டான். “நீங்க பின்னாடி நில்லுங்க.”

ஞானகுமாரி பின்னால் நிற்கவில்லை. அவளே கதவைத் தள்ளினாள்.

உள்ளே தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்த பையன்களும் பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். மடியில் கணக்குப் புத்தகங்கள். முன் வரிசைப் பெண்ணின் இரண்டு காதிலும் பஞ்சு. சுவர் ஓரமாக ஏழெட்டு அம்மாக்கள். கரும்பலகைக்கு முன்னால், கையில் சாக்பீஸோடு, டேவிட்.

வேம்புலி பெஞ்சுக் காலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

“டிக்கெட்டை வாங்கிட்டாரான்னு கேட்க இவங்க காத்திருக்காங்க,” என்றாள் ஞானகுமாரி. “சொல்லிடுங்க சார். வாங்கிட்டார்.”

அவன் சாக்பீஸைக் கீழே வைத்தான். முகம் வெளுத்திருந்தது. “என் பேரு கிறிஸ்துதாஸ். கணக்கு வாத்தியார். இதெல்லாம் இந்தத் தெருப் பிள்ளைங்க. அடுத்த வாரம் பிளஸ் டூ பரீட்சை தொடங்குது. விடிகாலையிலயும் சாயங்காலமும் இங்க பாடம் நடத்தறேன். காலையில நாலரைக்கு நான் போர்டுக்கு முன்னால நிப்பேன். நாலே முக்காலுக்கு அவர் மாடியில நிப்பார்.”

“டிரம்பெட்டோட,” என்றான் வேம்புலி.

“டிரம்பெட்டோட. ஒரு பட்டாளமே எந்திரிச்சு நிக்கற அளவுக்கு.”

சுவர் ஓரத்தில் இருந்த அன்னம்மாள் என்ற பெண் முன்னால் வந்தாள். “என் பொண்ணு நாள் பூரா காதுல பஞ்சை எடுக்கறதில்ல. அப்பவும் கணக்குப் போடும்போது காலு லெப்ட் ரைட் போடுதுங்க.”

“அவர் முகத்துக்கு நேரா ஒருத்தர் போய்ச் சொல்லியிருக்கலாமே?”

“யாரு சொல்றது?” அன்னம்மாளின் குரல் இறங்கியது. “ஏரி ஒடைஞ்ச வருசம், என் மாமியாரைத் தோள்ல தூக்கிகினு வந்தது அவருதான். இந்தத் தெருவுல கல்யாணம்னாலும் சாவுன்னாலும் மொதோ ஆளா வந்து ஊதிக் குடுப்பாரு. காசுன்னு கையை நீட்ட மாட்டாரு. அவராண்ட போயி நீ ஊதாதேன்னு எந்த மூஞ்சிய வெச்சிகினு சொல்றது?”

“அவருக்கு உங்களை அடையாளம் தெரியலையே சார்?” என்று வாத்தியாரைக் கேட்டாள் ஞானகுமாரி.

“இருட்டோட மப்ளர் சுத்திக்கிட்டு வருவேன். ஊதும்போது அவர் கண்ணை மூடிக்குவார். டிக்கெட் நிஜம் மேடம். லாட்ஜும் நிஜம். தெருவே சேர்ந்து எடுத்தது. கடைசிப் பரீட்சை மார்ச் இருபத்தொண்ணு. மறுநாள் அவர் வந்து விடிய விடிய ஊதட்டும். நாங்களே மாலை போடறோம்.”

வேம்புலி பெஞ்சுக் காலை ஓரமாகப் போட்டான். “அப்ப திருட நெனச்சது டிரம்பெட்டை இல்ல, சத்தத்தை. நல்ல கேஸு மேடம். முடிஞ்சுது, போலாமா?”

“முடியலை,” என்றாள் ஞானகுமாரி.

அவள் பிள்ளைகளுக்கு நடுவே நடந்து போய் வாத்தியார் முன்னால் நின்றாள். “ஒரு ஆளை ஊரை விட்டு அனுப்பணும்னா ஊட்டி இருக்கு, ஏற்காடு இருக்கு. கடலைத் தாண்டி அனுப்பணும்னு யாருக்குத் தோணிச்சு? உங்களுக்கு இல்லை. உங்களுக்கு அந்த ஊர்ல எப்ப இருட்டும்னே தெரியலை. பரிசு குடுக்கற கம்பெனிக்குத் தெரியாத விஷயம், பரிசு வாங்கினவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

கிறிஸ்துதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்புறம் அந்த அடிபம்பு. புதுசா வர்ற எல்லாரும் அதுகிட்ட அவமானப்படறாங்க. நம்ம வேம்புலிக்குத் தோளே போச்சு. ரெண்டாவது தடவையா அந்த வீட்டுக்கு வர்ற டேவிட், கேட்காமலே சொம்பை எடுக்கறார். நீங்க அங்க அடிக்கடி போயிருக்கீங்க. கோதண்டம் இல்லாத நேரத்துல.”

அம்மாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அவர் பட்டாபிராமுக்குச் சின்னப் பசங்களுக்கு பேண்டு கத்துக் குடுக்கப் போற மதியத்துல,” என்றார் கிறிஸ்துதாஸ் கடைசியில். “நாங்க எல்லாருமே போனோம். பிள்ளைங்களுக்காகக் கெஞ்சினோம். அவங்க கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, ‘அனுப்பிடலாம். ஆனா எந்த ஊருன்னு நான்தான் சொல்லுவேன். கூட நானும் போவேன்’னாங்க. கூப்பன், பொருட்காட்சி, மூணு கண்டிஷன், எல்லாம் பொன்னியம்மா போட்டுக் குடுத்தது. நான் ஒப்பிச்சேன், அவ்வளவுதான்.”

“கப்பல் கேப்டனுக்குக் குழப்பம்னு சொன்னதும் அந்தம்மாதானா?” என்றான் வேம்புலி. அவன் குரலில் மரியாதை வந்திருந்தது.

அவர்கள் கோதண்டத்தின் வீட்டுக்குத் திரும்பியபோது தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. அவர் வாசலிலேயே காத்திருந்தார்.

“புடிச்சீங்களா?” என்றார் ரகசியமாக.

ஞானகுமாரி வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள் என்பது வேம்புலிக்குத் தெரியும். “திருடன் யாரும் இல்லை சார். டிக்கெட் நிஜம். தைரியமாப் போய்ட்டு வாங்க.”

“அப்ப அந்த டேவிட்டு?”

அவள் வாயைத் திறப்பதற்குள், உள்ளேயிருந்து பொன்னியம்மா வந்தாள். புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ஞானகுமாரியின் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

“நீ எதுக்கும்மா எனக்காகப் பொய் சொல்ற. நானே சொல்றேன்.”

சொன்னாள். பரீட்சை, பிள்ளைகள், வாத்தியார், கூப்பன், ஒன்றையும் விடவில்லை. கோதண்டம் நின்றுகொண்டே கேட்டார். பாதியில் கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். அவருடைய மீசை கூடக் கொஞ்சம் இறங்கிவிட்டதாக வேம்புலிக்குத் தோன்றியது.

“தெருவுல யாருக்கும் என் வாசிப்பு புடிக்கலியா?”

“புடிக்கும். நாலே முக்காலுக்குப் புடிக்காது.”

அவர் டிரம்பெட் பெட்டியை மடிக்கு இழுத்துக்கொண்டார். “அவங்கள வுடு. படிக்கிற புள்ளைங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே நிறுத்தியிருப்பேன். நீ எதுக்கு இத்தினி நாடகம் ஆடின? அந்தமான் பார்க்கணும்னா என்னாண்ட கேட்டிருக்கலாமே.”

“கேட்டேன்,” என்றாள் பொன்னியம்மா. குரலில் கோபம் எதுவும் இல்லை. “கேம்ப்ல பக்கத்து ஊட்டு அம்மா அங்கேருந்து மாத்தலாகி வந்து கதை கதையா சொன்னப்ப கேட்டேன். பெரியவளைக் கட்டிக் குடுத்தப்ப கேட்டேன். நீ ரிட்டயர் ஆன அன்னிக்குக் கூட கேட்டேன்.”

“நான் இன்னா சொன்னேன்?”

“நீ ஊதிகினு இருந்த.”

வேம்புலியின் நாக்கு நுனியில் ஒரு ஜோக் வந்து நின்றது. அதை அப்படியே விழுங்கினான்.

கோதண்டம் டிரம்பெட் பெட்டியைத் தரையில் வைத்தார். கட்டில் மேலிருந்த ரப்பர் செருப்புகளை ஒரு பக்கமாக நகர்த்தி, பக்கத்தில் இடம் பண்ணினார்.

“ஒக்காரு. அங்க எங்கெங்க போவணும்னு நெனச்சுகினு கீற?”

பொன்னியம்மா சந்தேகமாகப் பார்த்தாள். “மெய்யாலுமா கேக்குற?”

“சொல்லு. மொதோ நாளு எங்க?”

அவள் உட்கார்ந்தாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். முதலில் கப்பல் துறை, என்றாள். இறங்கினதும் எங்கேயும் ஓடாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். அப்புறம் கடைத்தெரு. எதுவும் வாங்காமல், சும்மா, இரண்டு பேரும் நடக்க வேண்டும். அடியில் கண்ணாடி வைத்த படகு ஒன்று இருக்கிறதாம். அதில் குனிந்து உட்கார்ந்தால் கடலுக்குள்ளே பூத்தோட்டம் மாதிரி தெரியுமாம். கோதண்டம் ஒரு கேள்வியும் கேட்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞானகுமாரி வேம்புலியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் ஓசைப்படாமல் வெளியே வந்தார்கள். வேம்புலி லாம்ப்ரெட்டாவை ஸ்டாண்டிலிருந்து எடுத்தான். உதைக்கவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தான். தெரு முனை தாண்டியும் தள்ளிக்கொண்டே போனான்.

“என்னாச்சு, ஸ்டார்ட் ஆகலையா?” என்றாள் ஞானகுமாரி.

“ஆவும் மேடம்,” என்றான் அவன். “அந்தம்மா பேசிகினு கீது.”